ஹெரால்டின் முன் ஸ்பிரிங்குகள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

மண்டபம்

அன்பு நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் முழங்கால் வலி தணிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் உன் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் முன்னால் வலப்பக்கம் தாழ்ந்து நிற்பதாகவும், ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர்க் கட்டை செருகி நிமிர்த்திவிடலாம் என்று பட்டறையில் சொன்னதாகவும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு பதில் எழுதுவதைத் தள்ளிப்போட என்னால் முடியவில்லை. தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதே. அப்படிப்பட்ட கட்டையோடுதான் என் வண்டி ஓராண்டு ஓடியது. அதன் விளைவைச் சென்ற மாதம் இரண்டு துண்டுகளாகக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

எனக்கும் இப்படித்தான் தொடங்கியது. சமதளத்தில் நிறுத்தி, முன் டயர் இரண்டிலும் ஒரே அளவு காற்று வைத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தபோது வலப்பக்கம் 4 செ.மீ. குறைவாக இருந்தது. அந்தப் பக்கத்து டயரின் உள்விளிம்பும் தேய்ந்திருந்தது. ஸ்பிரிங் தாழ்ந்தால், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் நிற்கும் கோணம் மாறி, சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்துவிடும். டயர் தேய்ந்ததற்குக் காரணம் அதுதான். அப்போது நான் பழகிய பட்டறையில் ரப்பர்க் கட்டையைச் செருகிக் கொடுத்தார்கள். வண்டி நிமிர்ந்து நின்றது, நானும் நம்பிவிட்டேன்.

பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் அதிலிருந்த பிழை புரிந்தது. காயில் ஸ்பிரிங் என்பது நீளமான ஒரு முறுக்குக் கம்பி. வண்டி குதிக்கும்போது அதன் எல்லாச் சுற்றுகளும் சுமையைப் பகிர்ந்துகொண்டு முறுகுகின்றன. இரண்டு சுற்றுகளை அசையவிடாமல் கட்டையால் பூட்டிவிட்டால், அவற்றின் வேலையையும் மற்றச் சுற்றுகளே செய்ய வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங் விறைக்கிறது, மீதிக் கம்பி சீக்கிரம் களைத்துப்போகிறது. ஒரு சுற்றை வெட்டி எடுப்பவர்களும் இதே தவற்றைத்தான் வேறு வழியில் செய்கிறார்கள். காஸ் விளக்கால் சூடேற்றி இழுத்து நீட்டுவது இவை எல்லாவற்றையும்விடக் கேடு, ஏனென்றால் அந்த எஃகுக்குக் கொடுத்திருந்த பதமே அந்தச் சூட்டில் போய்விடும்.

இங்கே இதோடு உப்பும் சேர்ந்துகொண்டது. தனுஷ்கோடிக்கு, அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு, வரும் விருந்தினர் ஒவ்வொருவரையும் ஹெரால்டிலேயே அங்கு அழைத்துப் போனேன். வாடைக்காற்றில் சாலைக்கு ஏறி வரும் ஈரமணல் ஸ்பிரிங் உட்காரும் கீழ்த் தட்டில் போய்த் தங்கிவிடுகிறது. வெயில் அடித்தாலும் அந்த இடம் காய்வதில்லை. சரியாக அந்தத் தட்டுக்கு மேலே, துருப்பள்ளம் விழுந்த இடத்தில்தான் என் ஸ்பிரிங் முறிந்திருந்தது. துரு எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 12 மி.மீ. கம்பி முழு நீளத்துக்கும் துருவேறி 11 மி.மீ. ஆகிவிட்டது என்று வைத்துக்கொள். விறைப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பள்ளம் விழுந்த இடத்தில் இழுவிசை குவிந்து வெடிப்பு தொடங்குவது இதற்கு மேல்.

நம் வண்டியைச் சென்னையில் 1961-இல் செய்யத் தொடங்கினார்கள். 1972-இல் அதன் இடத்துக்குக் கசேல் என்ற வண்டி வந்துவிட்டது. ஆகவே கடைகளில் கிடக்கும் பழைய சரக்கை நம்புவதற்கில்லை. பழைய ஸ்பிரிங்கை மாதிரியாகக் கொடுத்து அதே நீளத்தில் செய்துகொள்வதும் ஏமாற்றமாகவே முடியும், ஏனென்றால் தளர்ந்த ஸ்பிரிங்கைப் பார்த்துச் செய்தால் தளர்ந்த உயரம்தான் கிடைக்கும். நம் வண்டிக்கு மூலமான டிரையம்ப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்னும் புதிதாக ஸ்பிரிங் செய்கிறார்கள். அங்கிருந்து ஒரு ஜோடி வரவழைத்தேன். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இடப்பக்கம் முறியவில்லையே என்று பழையதை விட்டுவைத்தால், இரு பக்கமும் இரண்டு விறைப்போடு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கம் கூடுதலாகக் குனியும்.

கழற்றும் வேலைக்கு விசைப்படகு என்ஜின் பார்க்கும் மேஸ்திரி ஒருவர் துணைக்கு வந்தார். உப்பில் இறுகிய நட்டுகளைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு கார் பட்டறைக்காரர்களுக்குத் தெரியாது. முதல் நாள் ஸ்பேனரைத் தொடவே விடவில்லை. டீசல் நனைத்த துணியை நட்டுகளில் சுற்றி இரண்டு இரவு அப்படியே விடச் சொன்னார். நம் வண்டியின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்வது எவ்வளவு பெரிய வசதி என்பதை அன்று முழுமையாக உணர்ந்தேன். சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சார்பரின் அடி போல்டையும் மேல் தட்டைப் பிடித்திருக்கும் மூன்று நட்டுகளையும் எடுத்ததும், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகவே கைக்கு வந்துவிட்டன.

ஆபத்து இருப்பது அதற்குப் பிறகுதான், கவனமாகப் படி. அந்த மேல் தட்டின் நடுவில் ஒரு நட்டு இருக்கிறது. அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அது ஒன்றுதான். முதலில் அதைத் திருகினால் தட்டு பறந்து வந்து முகத்தில் அடிக்கும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான கம்ப்ரஸரின் இரண்டு கொக்கிகளையும் எதிரெதிரே மாட்டி, இரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றிச் சம அளவில் இறுக்க வேண்டும். தட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே விரல் அளவு இடைவெளி தெரிந்த பிறகே நடு நட்டில் கை வைக்க வேண்டும். கீழ் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருப்பதால், நெம்புகோல் கணக்கில் சக்கரத்தின் மேல் விழும் எடையைவிட அதிகமான சுமையை இந்த ஸ்பிரிங் தாங்குகிறது என்பதை மறந்துவிடாதே.

படகு இரும்புகளைப் போலப் புதிய ஸ்பிரிங்குகளுக்கும் துத்தநாகப் பூச்சுக் கொடுத்துவிடலாம் என்று மேஸ்திரி ஆசையோடு சொன்னார். நான் மறுத்தேன். பூச்சுக்கு முன் அமிலத்தில் முக்கும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, ஸ்பிரிங் போன்ற கடினமான எஃகை நொறுங்கும்படி செய்துவிடும். நல்ல பெயிண்டு இரண்டு பூச்சே போதும் என்றதும் ஒப்புக்கொண்டார்.

சக்கரம் கழன்றிருக்கும்போதே டிரன்னியனையும், அதாவது ஸ்டியரிங்கோடு சக்கரம் திரும்பும் அடி மூட்டையும், பார்த்துவிடு. நம் வண்டியின் உண்மையான பலவீனம் அது. பித்தளைபோல் தெரியும் அந்த உலோகக் கட்டைக்குள் மரையோடு சுழலும் தண்டுக்குக் கிரீஸ் கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான் வேண்டும். கிரீஸ் கட்டிப்பட்டு வழியை அடைத்துவிட்டால் உள்ளே புகும் தண்ணீர் தண்டைத் துருப்பிடிக்க வைக்கும்; ஒருநாள் அது முறிந்து சக்கரம் மடங்கிவிடும். என் வண்டியில் இடப்பக்கம் கிரீஸ்தான் அடைத்து வைத்திருந்தார்கள். இத்தனை ஆண்டுகள் தெரியாமல் இதில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேனே என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாட்டும்போது ஒன்றை மட்டும் நினைவில் வை: ரப்பர் புஷ் உள்ள அடி போல்டை வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தின்மேல் வந்த பிறகே முழுவதுமாக இறுக்கு. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் புஷ் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து கிழிந்துவிடும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு அலைன்மெண்ட் பார்த்தேன்; அதற்குள் புதிய ஸ்பிரிங்குகள் சற்று அமர்ந்து உயரம் நிலைத்திருந்தது. இப்போது இருபுறமும் அளவு ஒன்றே. பாம்பன் பாலத்தில் போகும்போது இணைப்புகளில் கேட்ட அந்த ‘டக்’ ஒலியும் இல்லை. தனுஷ்கோடி போய் வந்தால், குடம் விலைக்கு வாங்கும் ஊரானாலும், இரண்டு குடம் நல்ல தண்ணீரை அந்தத் தட்டுகளில் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறேன்.

உன் வண்டியின் இருபுற அளவையும், டயர் எந்த விளிம்பில் தேய்ந்திருக்கிறது என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது. வரும் மாதம் நான் கோவைக்கு வரும்போது கம்ப்ரஸரைக் கையோடு எடுத்து வருகிறேன்; நாம் இருவருமே கழற்றிவிடலாம். அதுவரை அந்த நடு நட்டை யாரையும் தொட விடாதே.

அன்புடன்,
உன் நண்பன்