பான் தெத் நூலின் ஒரு முனை பாப்பாவிடம்

புதுச்சேரி
ஜூலை 2026

அன்பு மகளுக்கு,

மூன்று வயதுப் பாப்பாவையும் ஒன்றரை வயதுத் தம்பியையும் வைத்துக்கொண்டு வியட்நாமியரின் நிலாப் பண்டிகையான ட்ருங் தூவையும் புத்தாண்டான தெத்தையும் எப்படிக் கொண்டாடுவது என்று கேட்டாய். சைகோனுக்குப் போய் வந்த புதுச்சேரிக் குடும்பங்களின் சமையலறையில் இதெல்லாம் இன்னும் இருக்கிறது. ஆனால் கைக்குழந்தைகள் உள்ள வீட்டில், அதுவும் பாரீஸ் குளிரில், அப்படியே செய்தால் பிள்ளைகளும் அழுவார்கள், நீயும் சோர்ந்து போவாய். பண்டிகையில் எதையும் விட வேண்டாம். அளவைக் குறை, நேரத்தை அவர்கள் தூங்கி எழும் நேரத்துக்கு மாற்று. தேதிகளைக் குறித்துக்கொள்: ட்ருங் தூ 2026 செப்டம்பர் 25, தெத் 2027 பிப்ரவரி 6, ஆட்டு வருடம்.

இன்றைக்கே தொடங்க வேண்டியது உறவுச் சொற்கள். பிரெஞ்சில் ஓங்க்ல், தாந்த் என்ற இரண்டு சொல்லில் எல்லாரும் அடங்கிவிடுவார்கள். வியட்நாமிய மொழி அப்படி விடாது, தமிழும் விடாது. அப்பாவின் அண்ணன் பாக், நமக்குப் பெரியப்பா. அப்பாவின் தம்பி சூ, சித்தப்பா. அப்பாவுடன் பிறந்தவள் கோ, அத்தை. அம்மாவுடன் பிறந்தவன் கவு, மாமா. அம்மாவின் அக்கா, தங்கை இருவரையுமே தெற்கு வியட்நாமியர் யீ என்பார்கள். அப்பாவைப் பெற்றவள் பா நொய், அம்மாவைப் பெற்றவள் பா ங்வாய். ஆளுக்கு ஒரு படம் எடுத்து, குளிர்பெட்டிக் கதவில் பாப்பாவின் கண் உயரத்தில் ஒட்டி, தினமும் காலையில் பால் குடிக்கும்போது இரண்டு மொழியிலும் சொல்ல வை. நம் பிள்ளைகளுக்கு இது சுலபம், ஏனென்றால் ஒவ்வொரு உறவுக்கும் தனிச் சொல் ஏற்கெனவே தமிழில் இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் போதும்.

ஒரு இடத்தில் மட்டும் குழம்புவார்கள். தெற்கில் மூத்த பிள்ளையை ஹாய் என்பார்கள், அதாவது 'இரண்டு'. ஒன்று என்று யாரையும் கூப்பிடுவதில்லை. அதனால் தம்பிக்குப் பாப்பா சி ஹாய், இரண்டாம் எண் அக்கா. அவள் எண்ணக் கற்றுக்கொள்ளும் வயதில் 'நான்தானே ஒன்று' என்று கேட்பாள். 'நம் வீட்டில் எண்ணிக்கை இரண்டில் தொடங்கும்' என்று சொல்லிவிடு, ஏற்றுக்கொள்வாள். பெரியவர்களிடம் பேசும்போது 'நான்' என்பதற்குப் பதிலாகக் கோன், அதாவது பிள்ளை, என்று தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும். தம்பிக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அவனுக்குக் கைகட்டிக் குனிந்து 'அ' என்று சொல்வது போதும். வியட்நாமியக் குழந்தைகளின் முதல் மரியாதையே அதுதான். சம்பந்தியம்மா வீட்டுக்குள் நுழையும்போதும் கிளம்பும்போதும் மட்டும் செய்ய வை. ஒரே நாளில் பத்துப் பேர் முன்னால் செய்யச் சொன்னால் பதினோராவது ஆளிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அது அவன் தப்பில்லை.

ட்ருங் தூவுக்கு நட்சத்திர விளக்கை வீட்டிலேயே கட்டு. 30 சென்டிமீட்டர் மூங்கில் குச்சிகள் 10, கூர்முனையை எல்லாவற்றிலும் ஒரே அளவாக வெட்டி எடு. ஐந்து குச்சியை ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றின் கீழ் ஒன்று எனப் பின்னி, முனைகளை நூலால் கட்டினால் ஒரு நட்சத்திரம். இதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டு. பிறகு நடு ஐங்கோணத்தின் ஐந்து மூலைகளிலும் 6 சென்டிமீட்டர் நீளக் குச்சி ஒவ்வொன்றைக் குறுக்கே நிறுத்தினால், வயிறு உப்பிக்கொண்டு விளக்கு எழுந்து நிற்கும். இந்த ஐந்தும் ஒரு நூல் கூட ஏறக்குறைய இருக்கக் கூடாது. ஒன்று நீண்டாலும் நட்சத்திரம் முறுக்கிக்கொள்ளும், காகிதம் சுருங்கும். சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை ஒட்டப் பசையைக் கெட்டியாகக் கரை, தண்ணீர் அதிகமானால் அலை அலையாக எழும்பும். பசை தடவுவதும் ஓரத்துக் குஞ்சம் ஒட்டுவதும் பாப்பா வேலை.

உள்ளே மெழுகுவத்தி வேண்டாம். கடையில் விற்கும் பாட்டு விளக்குகளும் வேண்டாம், அவற்றில் பல பொத்தான் பேட்டரியில் ஓடுபவை. அது பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் பொசுக்கிவிடும். திருகாணி போட்டு மூடும் பென்சில் பேட்டரி விளக்கு மட்டும் வாங்கு. சூரியன் மறைந்ததும் தெருவில் ஒரு சுற்று, நிலவைப் பார்த்துவிட்டு வந்து தூக்கம். நிலவுக் கேக்கை எட்டாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடு, நடுவிலிருக்கும் உப்பு முட்டைக் கருவை நீங்கள் இருவரும் சாப்பிடுங்கள்.

தெத்துக்கு வருகிறேன். ஜனவரி 30 சனிக்கிழமை, பன்னிரண்டாம் மாதத்தின் 23ஆம் நாள், அடுப்பங்கரைத் தெய்வம் ஓங் தாவ் வானத்துக்குக் கிளம்பும் நாள். வடக்கே உயிருள்ள கெண்டை மீனை ஆற்றில் விடுவார்கள். நீ காகிதத்தில் மீன் வெட்டிக் கொடு, பாப்பா வண்ணம் தீட்டட்டும். எள்ளு மிட்டாய், கடலை மிட்டாய் படைக்கிற வழக்கம் உண்டு. படைத்ததும் அலமாரிக்கு மேல் ஏற்றிவிடு. முழுக் கடலை, தர்பூசணி விதை, சர்க்கரைப் பாகில் ஊறிய தாமரை விதை எல்லாம் ஐந்து வயதுக்குக் கீழே தொண்டையில் சிக்கும் சாமான். தெத் வீட்டில் இவற்றை மேசையில் தட்டு நிறைய வைத்திருப்பார்கள், போகிற இடமெல்லாம் உன் கண் அதில் இருக்கட்டும்.

தெத்துக்கு வைக்கும் மஞ்சள் மாய்ப் பூ அங்கே கிடைக்காது. ஃபோர்சித்தியா என்ற மஞ்சள் பூச்செடியின் கிளையை ஜனவரி நடுவில் வெட்டி, வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி, வீட்டுக்குள் வெளிச்சம் படும் இடத்தில் வை. இரண்டு மூன்று வாரத்தில் அதே மஞ்சளில் பூக்கும். வெளிநாட்டு வியட்நாமியர் பலர் அதைத்தான் மாய் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

முன்னோர் படையலில் பழத்தட்டு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தெற்கத்தியர் சீத்தா, தேங்காய், பப்பாளி, மாம்பழம் வைப்பார்கள், அத்தியும் சேர்ப்பதுண்டு. சீத்தாவின் பெயரில் 'கவு' இருக்கிறது, வேண்டுதல் என்று பொருள். தேங்காய் யுவா, தெற்கத்தி வாயில் 'அளவாக' என்பதும் அதே ஒலி. பப்பாளி தூ தூ, 'போதும்' என்பது போலக் கேட்கும். மாம்பழம் சொவாய், செலவழிப்பதற்குச் சாய். தட்டைப் பார்த்து வரிசையாகச் சொன்னால் 'செலவுக்கு அளவாகப் போதும்படி கொடு' என்று வேண்டியதாகிறது. பேராசை இல்லாத வேண்டுதல், அதனால்தான் பிள்ளைக்குச் சொல்லித்தரச் சொல்கிறேன். நம் பூஜையில் வாழைப்பழம் இல்லாமல் நடக்காது, இந்தத் தட்டில் மட்டும் வைத்துவிடாதே. அதன் பெயர் சரிந்து விழுவதைக் குறிக்கும் சொல் போல ஒலிப்பதால் தெற்கத்தியர் தவிர்ப்பார்கள், சம்பந்தியம்மா முகம் சுளிப்பார். வடக்கத்தியர் வாழைச் சீப்பைத்தான் அடியில் வைப்பார்கள். ஊதுவத்தி தம்பியின் கை எட்டாத உயரத்தில் இருக்கட்டும். படையல் மேசைக்குத் தொங்கும் துணி போடாதே, இழுத்தால் எல்லாம் அவன் தலையில் விழும்.

பான் தெத் என்பது வாழையிலையில் உருட்டிக் கட்டி வேகவைக்கும் பசையரிசி உருளை. அதற்குள் இந்த வருடம் பன்றிக்கறி வைக்காமல் வாழைப்பழம் வைத்துச் சிறிதாகக் கட்டு. பசையரிசி 500 கிராம், எட்டு மணி நேரம் ஊறவேண்டும். கறுப்பு பீன்ஸ் 100 கிராம், தனியாக ஊறவைத்து முக்கால் பதம் வேகவை. கெட்டித் தேங்காய்ப்பால் 200 மில்லி, உப்பு ஒரு தேக்கரண்டி, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி. ஊறிய அரிசியை முழுவதும் வடித்து, உப்பும் சர்க்கரையும் சேர்த்த தேங்காய்ப்பாலில் போட்டு மிதமான தீயில் பால் வற்றும்வரை மட்டும் கிளறி, பீன்ஸைக் கலந்துவிடு. இங்கே அரிசி வெந்துவிடக் கூடாது, வெந்தால் கட்ட வராது. பழம் நம்ம கற்பூரவள்ளி. அங்கே ஆசியக் கடைகளில் சுவோய் சியெம் என்று கேள், அதே வகைதான். நீள மஞ்சள் பழம் போட்டால் குழைந்து கூழாகிவிடும், இது நின்று வெந்து சிவக்கும்.

உறைந்த வாழையிலையை முதல் நாளே வெளியே எடுத்து வை. ஈரத்துணியால் நரம்பின் போக்கில் துடைக்க வேண்டும், இது பாப்பாவின் வேலை. பிறகு நீ கொதிநீரில் அரை நிமிடம் காட்டி வாட்டு, வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும். 30 சென்டிமீட்டர் இலை இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அரிசியைப் பரப்பி, பழத்தைப் பாப்பா கையால் நடுவில் படுக்கவைத்து, மேலே அரிசி மூடி உருட்டு. ஒரு பக்கத்தை மடித்து நிமிர்த்தி, இரண்டு தட்டுத் தட்டி அரிசி இறங்கியதும் மறுபக்கத்தை மடி. நூலால் நீளவாக்கில் ஒரு சுற்று, குறுக்கே இரண்டு விரல் இடைவெளியில் ஒவ்வொரு சுற்று. இறுக்கிக் கட்டினால் அரிசி உப்ப இடமில்லாமல் நடுவில் பச்சையாக நிற்கும், தளர்த்திக் கட்டினால் தண்ணீர் புகுந்து சொதசொதக்கும். கட்டிய உருளையை அழுத்தினால் லேசாக விரல் அமுங்க வேண்டும், அதுதான் பதம். இந்த அளவுக்கு நான்கு உருளை வரும்.

பின்னடுப்பில் கொதிக்கும் நீரில் மூழ்கப் போட்டு மூன்றரை மணி நேரம். பிள்ளைகள் மதியம் தூங்கப் போகும்போது ஏற்றிவிடு. நீர் குறைந்தால் கொதிநீரையே ஊற்று. பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கொதி அடங்கினால் அரிசி விறைத்துவிடும், பிறகு எத்தனை மணி நேரம் வைத்தாலும் சரியாகாது. எடுத்துக் குளிர்நீரில் அலசி, தொங்கவிட்டு, மறுநாள்தான் வெட்ட வேண்டும்.

கத்தி ஒட்டிக்கொள்ளும். இலையைப் பாதி உரித்து, கட்டிய நூலையே உருளையைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முனையையும் எதிரெதிராக இழு. சுருக்கென்று வட்டம் கழன்று விழும், நடுவில் சிவந்த பழமும் சுற்றிலும் கறுப்புப் புள்ளிகளும் தெரியும். இப்படி நூலால் அறுப்பதற்கே வியட்நாமிய மொழியில் தெத் என்றுதான் பெயர், பண்டிகையின் பெயர் வேறு சொல். ஒரு முனையைப் பாப்பாவிடம் கொடு, மறுமுனை உன்னிடம். பசையரிசி பிள்ளைகளின் தொண்டையில் ஒட்டும். அரை சென்டிமீட்டர் வட்டமாக அறுத்து, நாலாகப் பிய்த்து, உட்காரவைத்து, ஒன்றை விழுங்கிய பிறகே அடுத்தது. தம்பிக்கு நடுப்பழமும் அதை ஒட்டிய கொஞ்சம் அரிசியும் போதும்.

இளநீரில் வேகவைக்கும் பன்றிக்கறியான தித் கோவுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு மேசைக்கரண்டி நுவோக்மாமில், அதாவது மீன் சாற்றில், ஏறக்குறைய மூன்றரை கிராம் உப்பு, தம்பி வயதுக்கு ஒரு நாள் முழுவதற்குமே இரண்டு கிராம்தான். ஒரு கிலோ கறியை இளநீரில் மூடாமல், நுரை எடுத்து, ஒரு மணி நேரம் வேகவிட்டு, பிள்ளைகளுக்குக் கொழுப்பில்லாத துண்டை முதலில் தனியாக எடுத்துவிடு. அதற்குப் பிறகு நுவோக்மாம் ஊற்று. பாகற்காய் சூப்பில் உள்ளிருக்கும் பூரணத்தை மட்டும் கொடு.

புது வருடம் பிறக்கும் நள்ளிரவான யாவ் துவாவுக்குப் பிள்ளைகளை எழுப்பி வைக்காதே. சைகோனில் புது வருடம் பிறக்கும் நேரம் அங்கே பிப்ரவரி 5 வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. ஆறுக்கு ஊதுவத்தி, வாழ்த்து, சாப்பாடு. ஏழரைக்குப் படுக்கை.

மறுநாள் வீட்டைப் பெருக்கக் கூடாது, அதிர்ஷ்டம் வெளியே போகும் என்பார்கள். தம்பி சாப்பிடும் நாற்காலிக்குக் கீழே விரிப்பு போட்டு, சிந்தியதோடு மடித்து மூலையில் வை, அடுத்த நாள் உதறிக்கொள்ளலாம். முதல் நாள் அப்பா வீடு, இரண்டாம் நாள் அம்மா வீடு, மூன்றாம் நாள் ஆசிரியர் என்பது வழக்கு. நாளுக்கு ஒரே வீடு, மதியத் தூக்கம் முடிந்து. முதல் நாள் குழந்தை அழுதால் வருடமெல்லாம் அழும் என்று யாராவது சொன்னால் பதில் பேசாமல் பாலைக் கொடு. பெரியவர்கள் பணம் வைத்துத் தரும் லீ சீ உறையை இரண்டு கையாலும் வாங்க வேண்டும், கொடுத்தவர் எதிரில் பிரிக்கக் கூடாது. உள்ளே நோட்டு மட்டும், காசு வேண்டாம் என்று எல்லாரிடமும் முன்பே சொல்லிவிடு. சிங்க ஆட்டத்தைத் தூர நின்று காட்டு, தம்பிக்குக் காது மூடி மாட்டு.

வியட்நாமிய நீள அங்கியான ஆவ் யாய் நான் இங்கே பருத்தியில் தைத்து அனுப்புகிறேன். கழுத்துப் பட்டி நான்கு சென்டிமீட்டருக்குப் பதில் இரண்டு, மணியும் சிறு பொத்தானும் கிடையாது, கால்சட்டைக்கு எலாஸ்டிக். உள்ளே கம்பளிப் பனியன் போடும்படி மார்பில் நான்கு சென்டிமீட்டர் கூட விடுகிறேன். சாப்பிட்ட பிறகு உடுத்திப் படம் எடுத்துவிட்டுக் கழற்றிவிடு. இருவரின் கழுத்துச் சுற்றளவு, மார்புச் சுற்றளவு, தோளிலிருந்து முழங்கால் வரை நீளம், மூன்றையும் டிசம்பர் கடைசியில் அளந்து அனுப்பு. இப்போது அளந்தால் தெத்துக்குள் வளர்ந்துவிடுவார்கள்.

அன்புடன்,
அம்மா