நீ கைகொடுத்துவிட்டு எழுந்த ஆட்டம்

அன்புள்ள குமார்,

இங்கே எல்லோரும் நலம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இனிமேல் செஸ் பலகையைத் தொடமாட்டேன் என்று சபதம் போட்டு, கூடவே அந்தக் கடைசி ஆட்டத்தின் தாளையும் அனுப்பியிருந்தாயே, அதை நேற்று ராத்திரி காய் அடுக்கிப் பார்த்தேன். டேய், தோற்றுவிட்டேன் என்று நீ ரிசைன் செய்த அந்த நிலை டிரா. சுத்தமான டிரா!

ஆளுக்கொரு யானை. எதிராளியிடம் கூடுதலாக ஒரு நடுச் சிப்பாய், அதுவும் ஐந்தாவது வரிசையில்தான். பக்கத்தில் அவன் ராஜா. அந்தச் சிப்பாய் ராணியாக வேண்டிய கட்டத்திலேயே உன் ராஜா உட்கார்ந்திருக்கிறது. ஆட வேண்டியதும் நீதான். யானையை உன் பக்கமிருந்து மூன்றாவது வரிசைக்குக் கொண்டுவந்திருந்தால் போதும், அவன் ராஜா அந்த வரிசையில் கால் வைக்க முடியாது. நீ பாட்டுக்கு அதே வரிசையில் இப்படியும் அப்படியும் போய்வரலாம். பொறுமை போய் அவன் சிப்பாயைத் தள்ளுவான். தள்ளிய உடனே யானையை அவன் பக்கத்துக் கடைசி வரிசைக்கு விரட்டி, பின்னாலிருந்து செக், மறுபடி செக். சிப்பாய்க்கு முன்னால் ராஜா ஒதுங்க இருந்த கட்டத்தை அந்தச் சிப்பாயே அடைத்துக்கொண்டதே, எங்கே ஒளியும்? தள்ளாமல் இழுத்தடித்தால் இன்னும் நல்லது. சிப்பாய் நகராமல், காய் வெட்டுப்படாமல் இருவரும் 50 நகர்த்தல் ஆடிவிட்டால் நீயே டிரா கேட்கலாம். பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 1777லேயே எழுதிவைத்த தற்காப்பு இது.

கணக்குப் பரீட்சையில் அரைமணி மிச்சமிருக்கும்போதே பேப்பரை நீட்டுவாயே, அதே கை.

ஆட்டம் தொடங்கும் சிசிலியன் முறை மட்டும் பதினைந்து நகர்த்தல் மனப்பாடம்! எதிராளி நாலாவதிலேயே வேறு வழியில் போய்விடுகிறான், அப்புறம் எதற்கு? அதை ஓரம் கட்டிவிட்டு முதலில் ராஜாவும் சிப்பாயும் மட்டும் வைத்து ஆப்போசிஷனை, அதாவது ராஜாவுக்கு நேர் எதிரே ஒரு கட்டம் விட்டு ராஜாவை நிறுத்தி வழிமறிப்பதைப் பழகு. பிறகு பிலிடோர். அதன்பின் லூசெனா என்கிற ஜெயிக்கும் நிலை: இதில் சிப்பாய் உன்னுடையது, ஏழாவது வரிசையில், முன்னால் உன் ராஜா, எதிரி ராஜா தள்ளி நிற்கிறது. யானையை நாலாவது வரிசைக்கு ஏற்றிவிட்டு ராஜாவை வெளியே எடு. செக் வர வர ராஜா இறங்கி வரும், கடைசிச் செக்குக்கு யானை குறுக்கே வந்து நிற்கும். இதைத்தான் பாலம் கட்டுவது என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், 1497ல் அச்சான லூசெனாவின் புத்தகத்தில் இந்த நிலையே கிடையாது. 1634ல் இத்தாலிக்காரர் சால்வியோவின் புத்தகத்தில்தான் வந்தது. உழைப்பு ஒருவருடையது, பெயர் இன்னொருவருக்கு. மூர்த்தி ஞாபகம் வருகிறானா?

மூர்த்தி என்றதும் கேட்கிறேன். நீ ஆட்டத்தை விட்டது தோற்றதால் இல்லை என்று அவன் சொன்னான். முகம் கொடுத்துப் பேசுவதில்லையாமே, ராத்திரி தூக்கமும் இல்லையாமே. என்னடா? என்னிடமாவது சொல்.

ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுகிறேன், பலகையை எடுத்து வை. அதே நிலையிலிருந்து ஆடுவோம். சிப்பாய் எனக்கு. உன்னை ஜெயிக்க விடாமல் பார்த்துக்கொள்வதெல்லாம் அடுத்த வாரம், இந்த வாரம் நீ டிரா எடு பார்க்கலாம்.

உன்
ரவி