ஊர்ப் பள்ளிக்கு நீ அனுப்ப வேண்டியது

அன்பு அம்மணிக்கு,

இங்கு அனைவரும் நலம். நம் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தானியங்கி வானிலைக் கருவி ஒன்றை வாங்கித் தர விரும்புவதாக நீ எழுதியிருந்ததைத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனாலும் பணம் அனுப்பும் முன் சில செய்திகளை நீ அறிந்திருப்பது நல்லது. பணி ஓய்வுக்குப் பிறகும் மாலை நேரங்களில் அந்தப் பிள்ளைகளோடு இருந்து வருவதால், அவர்களுக்கு எது இல்லை என்பது எனக்குத் தெரிகிறது. தாங்கள் எழுதிவைக்கும் அளவுகளை மதித்துப் படித்து, "இதை எப்படி அளந்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்கும் ஒருவர்தான் அவர்களுக்கு இல்லை.

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக இந்த ஆண்டு ஒரு குழு மழையை அளக்கிறது. நேரான சுவருள்ள பாட்டிலின் தலையை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வைத்து, அடிப்பகுதி வளைவைக் கூழாங்கல்லும் தண்ணீரும் இட்டு மட்டப்படுத்தி, அளவுகோல் ஒட்டி அவர்களே செய்த மழைமானிகள் அவை. வானிலைத் துறையைப் போலவே காலை எட்டரை மணிக்குக் குறிப்பெடுக்கிறார்கள். ஒருநாள் வேப்பமரத்தை ஒட்டியிருந்த மானியில் நீர் குறைவாகவும் மைதானத்து மானியில் அதிகமாகவும் இருக்கவே, குறைந்த எண்ணை ரப்பரால் அழிக்கப் போனாள் ஒரு பெண். அழிக்காதே, இரண்டையும் எழுதிக் காரணத்தைத் தேடு என்றேன். அருகில் உள்ள மரமோ கட்டடமோ மானிக்கு மேல் எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தொலைவிலாவது மானி இருக்க வேண்டும் என்ற விதியைச் சொன்னதும், நிழலை அளந்து வேம்பின் உயரத்தைக் கணக்கிட்டு, மானியை இடம் மாற்றி, மாற்றிய நாளையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டார்கள். இந்த விதியை அறியாமல் கூரையோரத்தில் நிறுத்தினால் நீ அனுப்பும் விலையுயர்ந்த கருவியும் தவறான எண்ணைத்தான் தரும்.

இன்னொரு குழு நொய்யலோரக் கிணறுகளில் உப்பை அளக்கிறது. இந்த வேலையில்தான் எனக்கு அக்கறையும் அதிகம், கவலையும் அதிகம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் இந்த ஆற்றின் குறுக்கே, பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி நின்றதையும், சுற்றியுள்ள தோட்டங்களின் கிணற்றுநீர் கெட்டதையும், கழிவுநீரை முற்றிலும் மறுசுழற்சி செய்யாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும் நீ அறிவாய். ஆனால் இந்தப் பிள்ளைகளில் சிலருடைய தகப்பன்மார் சாயப்பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்பவர்கள். யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லும் சுமையைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது. ஆகவே ஆற்றிலிருந்து தள்ளிப் போகப் போகக் கிணற்றில் உப்பு குறைகிறதா என்ற ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தோட்டத்துக்காரரிடம் அனுமதி கேட்டு, மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்ட பிறகு தண்ணீர் பிடித்து, ஒவ்வொரு முறையும், நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரின் முனையைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, மூன்று முறை அளந்து எழுதுகிறார்கள். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்றும், வேறு நீரே இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுவதை அறிந்தபின், தங்கள் வீட்டுக் கிணற்று நீரையும் புட்டியில் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள்.

மாநாட்டுக்கான ஆய்வு சில மாதங்களில் முடிந்துவிடும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் போய்விடுவார்கள். குறிப்பேடு பீரோவுக்குள் போய்விடும். காலநிலையைப் பற்றிப் பேச முப்பது ஆண்டுச் சராசரி வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவளே நீதான். 1958இல் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்த கரியமிலவாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது என்று நாம் சொல்ல முடிவது அந்த அளவீடு தொடர்ந்ததால்தான். அங்கும் 1964இல் பணமில்லாமல் சிறிது காலம் அளவீடு நின்றுபோனது. நம் பள்ளியிலும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடமிருந்து மானியையும் குறிப்பேட்டையும் வாங்கிக்கொள்ளும் வழக்கம் உருவாக வேண்டும். ஆசிரியர்கள் மாற்றலாகிப் போவார்கள். நீ வெளியூரில் இருந்தாலும் ஆண்டுதோறும் அதே குறிப்பேட்டைக் கேட்கும் ஆளாக இருக்க உன்னால் முடியும்.

ஆகவே, மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் காணொளியில் அவர்களோடு பேசு. கட்டுரையை நீ திருத்தி எழுதித் தராதே. நடுவர்கள் கேட்கும்போது பிள்ளைகள் விழிப்பார்கள், அதைவிட, அந்த வேலை அவர்களுடையதாக இருக்காது. வரைபடம் வரையவும், சந்தேகமான எண்ணைச் சந்தேகத்தோடே எழுதவும் கற்றுக்கொடு. பணத்தில் இப்போதைக்கு ஒரு நல்ல டிடிஎஸ் மீட்டர், அதைச் சரிபார்க்கும் திரவம், உச்ச–நீச வெப்பமானி ஒன்று, கெட்டி அட்டைக் குறிப்பேடுகள் ஆகியவை போதும். தானியங்கிக் கருவியை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். அதைப் பழுதுபார்க்க ஆள் இருக்கிறதா என்பதையும் அதற்குள் விசாரித்து வைக்கிறேன்.

அவர்கள் உனக்கு எழுதிய கேள்விகளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இவ்வளவு காற்று வந்தும் நமக்கு ஏன் ஐப்பசி வரை நல்ல மழை இல்லை என்பதுதான் முதல் கேள்வி. மலையைப் படமாக வரைந்து, உன் கைப்படத் தமிழில் எழுதி, ஐப்பசி பிறக்கும் முன் பள்ளி முகவரிக்கே அனுப்பு.

அன்புடன்,
அம்மா