அந்தச் சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் மூடி வையுங்கள்

கூடலூர், பந்தலூர் வட்டாரப் பிளஸ் டூ ஆசிரியர்களுக்கு வணக்கம்.

கூடலூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜூன் பிறந்துவிட்டால் ஜெராக்ஸைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் எனக்கு வேலை. வருகிறவர்கள் உங்கள் மாணவர்கள். எந்தெந்தக் கல்லூரியைப் போடுவது என்று எழுதி அவர்கள் கையோடு கொண்டு வரும் தாளைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு வருடம் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள் ஒருத்தி வந்தாள். கணிதம் 78, இயற்பியல் 71, வேதியியல் 75. கணிதத்தை அப்படியே வைத்து மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் கட்ஆஃப் 200க்கு 151. ரஃப் நோட்டில் கிழித்த தாளில் எட்டுக் கல்லூரிகளின் குறியீட்டு எண்கள். மேலே இருந்த ஐந்தையும் சிவப்புப் பேனாவால் அடித்து, ஓரத்தில் ‘கிடைக்காது’ என்று எழுதியிருந்தது. “இதையும் போட்டு வைக்கலாமே பாப்பா” என்றேன். “வேண்டாம்ணா, சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். மூன்றை மட்டும் போட்டோம். மூன்றாவது கிடைத்தது. பிறகு எந்தக் கல்லூரியில் எந்த ரேங்க் வரை இடம் கிடைத்தது என்ற விவரம் வெளியானபோது எடுத்துப் பார்த்தேன். அடித்த ஐந்தில் ஒன்றில், அவள் கேட்ட அதே பாடப்பிரிவில், அவளுடைய இடஒதுக்கீட்டுப் பிரிவிலேயே, அவளுக்குப் பின்னால் இருந்த ரேங்க்குக்கு இடம் போயிருந்தது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

பிள்ளை ஏமாந்து நிற்கக் கூடாதே என்ற அக்கறையில்தான் அடிக்கிறீர்கள், தெரியும். ஆனால் இந்த முறையில் அடிப்பதால் ஒரு லாபமும் இல்லை. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். மாணவரின் முறை வரும்போது கணினி அவர் கொடுத்த வரிசையை மேலிருந்து பார்த்து, இடம் காலியாக இருக்கும் முதல் கல்லூரியைக் கொடுக்கிறது. மேலே பத்து கிடைக்காத கல்லூரி இருந்தாலும் பதினொன்றாவதற்கு ஒரு பாதகமும் வராது. ஆகவே வரிசை ஆசைப்படி இருக்கட்டும். உங்கள் கணிப்பு தேவைப்படுவது பட்டியலின் அடியில்தான்: நிச்சயம் கிடைக்கும் என்று சொல்லக்கூடிய கல்லூரிகள் போதுமான அளவு இருக்கின்றனவா என்று பார்க்க.

கணிக்கும்போது கட்ஆஃபை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம். கணிதத் தாள் சுலபமாக வந்த வருடம் எல்லோருக்கும் மதிப்பெண் ஏறிவிடும். அதே 151 சில ஆயிரம் ரேங்க் பின்னால் போய்விடும். முந்தைய வருடங்களில் அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், அந்தப் பிள்ளையின் இடஒதுக்கீட்டுப் பிரிவில் இடம் எந்த ரேங்க்கோடு முடிந்தது என்று பாருங்கள். பணியர் பழங்குடி வீட்டுப் பையன் ஒருவனிடம் யாரோ பொதுப் பிரிவுக் கட்ஆஃபைக் காட்டி ‘பாலிடெக்னிக் போ’ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பழங்குடியினருக்கு இருப்பது 1 சதவீதம்தான், ஆனால் அதற்குத் தனிப் பட்டியல் உண்டு. அதை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீதம் தனியாக இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. விடுதிக்குப் பணமில்லை என்று கோயம்புத்தூர்க் கல்லூரியை அடிப்பதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, வரிசையில் அதற்கு மேலே இருப்பது காலியானால் மாற்றிக் கொடுங்கள் என்று ‘அப்வேர்ட்’ கொடுத்தால் கையில் இருப்பது போய்விடும் என்ற பயமும் நம் பக்கம் நிறைய. மேலே கிடைத்தால்தான் மாறும். இல்லையென்றால் கையில் இருப்பது கையிலேயே இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். கல்லூரி வரிசையைப் பதிவு செய்யச் சில நாள்தான் கிடைக்கிறது. அந்த நாட்களில் இங்கே மழை பிடித்தால் கரண்டும் போய், சிக்னலும் போய், பிள்ளைகள் நனைந்துகொண்டு கடை வாசலில் நிற்கிறார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமையே பட்டியலைத் தாளில் எழுத வைத்து, அடிக்காமல் அனுப்புங்கள். என்னிடம் யூபிஎஸ் இருக்கிறது. ராத்திரி பத்து மணி வரை கடையைத் திறந்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
கடைக்காரன், கூடலூர்