செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: பி.பி. நோட்டும் மறதியும்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஸ்ரீரங்கத்தின் நான்கு வீதிகளிலிருந்தும் வந்திருக்கும் நம் மூத்தோர் சங்க உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்திவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொங்கல் விழா, கல்லணைச் சுற்றுலா, கண் பரிசோதனை முகாம் மூன்றும் வழக்கம்போல நடந்தன. படங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கின்றன. பஸ் தாமதம் குறித்து எழுத்துமூலம் வந்த புகாருக்குப் பதில் போய்விட்டது. ஆகவே அறிக்கையின் பெரும்பகுதியை ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்ள செயற்குழு அனுமதித்திருக்கிறது.

சென்ற பொதுக்குழுவில் பலரும் கேட்டது ஞாபகசக்திப் பயிற்சி. ஆரம்பித்தோம். சுடோகு, குறுக்கெழுத்து, ராகம் கண்டுபிடிக்கும் போட்டி என்று நல்ல கூட்டம். அதே கூடத்தின் மூலையில் பி.பி. பார்க்கும் மேஜையும் போட்டிருந்தோம். அங்கே ஈ ஓட்டினோம். "பி.பி.யா? அது ஹார்ட்டுக்குத்தானே சார், எனக்கு மறதிதான் கவலை" என்று ஒரு உறுப்பினர் சொன்னது நினைவிருக்கலாம். அவர் ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை.

செப்டம்பர் 21, உலக அல்சைமர் தினத்தன்று திருச்சியிலிருந்து வந்து பேசிய நரம்பியல் மருத்துவர் இந்தக் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார். மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்ஸிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்குத்தான். அதைக் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாய்கள் மேலே இருக்க, மூளையின் ஆழத்துக்குள் இறங்குபவை ஒரு மில்லிமீட்டரை விடவும் மெல்லியவை. வருஷக்கணக்கில் அழுத்தம் கூடியே இருந்தால் அவற்றின் சுவர் தடிக்கும், உள்வழி குறுகும். காவிரியில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. மூளையிலும் ஆழத்திலுள்ள வெண்பகுதிதான் கடைமடை என்றார். டெல்டாக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இப்படி உண்டாகும் சின்னச் சின்ன அடைப்புகளில் பல, ஸ்ட்ரோக் என்று வெளியே தெரிவதே இல்லை. கை கால் விழாது, வாய் கோணாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். ஆனால் யோசனையின் வேகம் குறையும், நடை தளரும், ஒரு வேலையைத் திட்டம் போட்டு முடிக்கும் திறன் தேயும். ஞாபகம் பிறகுதான் போகும். சிலருக்கு இது படிக்கட்டு இறங்குவது போல நடக்கும்: சில மாதம் அப்படியே இருப்பார்கள், திடீரென்று ஒரு படி கீழே.

நம் உறுப்பினர் ஒருவர் விஷயத்தில் இதை நேரிலேயே பார்த்தோம். அவரும் வீட்டாரும் சம்மதித்ததால் பெயர் இல்லாமல் சொல்கிறேன். ஆயுள் முழுக்க வங்கியில் காசாளராக இருந்தவர். பெயரெல்லாம் ஞாபகம் இருக்கிறது, பிரபந்தம் தடங்கலில்லாமல் வருகிறது. ஆனால் பால் கணக்கைக் கூட்ட உட்கார்ந்தால் அரை மணி ஆகிறது. கூட்டிய பிறகு பணத்தை எடுத்து வைக்க மறந்து, மறுபடி முதலிலிருந்து கூட்டுகிறார். காலைத் தரையில் தேய்த்து நடக்கிறார். வீட்டில் "வயசாச்சு" என்று விட்டுவிட்டார்கள். பி.பி.க்கு மாத்திரை எழுதிக் கொடுத்துப் பல வருஷம் ஆகிறது. தலை சுற்றினால் மட்டும் போட்டுக்கொள்வாராம். இப்போது சிகிச்சை ஒழுங்காக நடக்கிறது. போனது திரும்பவில்லை. அடுத்த படி இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சையின் நோக்கம் என்று மருத்துவர் வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அல்சைமர் வேறு, இப்படி அடைப்புகளால் வரும் ரத்தக்குழாய் மறதி வேறு என்று புத்தகத்தில் தனித்தனி அத்தியாயம் இருந்தாலும், வயதானவர்கள் மூளையில் இரண்டும் சேர்ந்தே இருப்பது சகஜம். அமெரிக்காவில் கன்னியாஸ்திரீகள் 678 பேரை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, இறந்தபின் அவர்களே தானமாகத் தந்த மூளையை ஆராய்ந்தார்கள். டேவிட் ஸ்னோடன் குழு 1997இல் வெளியிட்ட முடிவு இது: மூளையில் அல்சைமருக்கான அடையாளங்கள் இருந்தவர்களில், ஆழத்தில் சிறு அடைப்புகளும் இருந்தவர்களிடம் டிமென்ஷியா, அதாவது அன்றாட வாழ்க்கையே தடைபடும் அளவு மறதி, மிக அதிகம். அடைப்பு இல்லாத சிலர், அதே அளவு அடையாளங்களோடு, கடைசிவரை தெளிவாக இருந்திருக்கிறார்கள். ஒரு நோய் இருக்கும் இடத்தில் இரண்டாவதும் சேர்ந்தால் மூளை தாங்காமல் போவது அதிகம். முதலாவதைத் தடுக்க நம் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டாவதைத் தடுக்க இருக்கிறது.

எவ்வளவு இருக்கிறது என்பதையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். ஸ்பிரின்ட் என்ற அமெரிக்க ஆய்வில் 9,361 பேர். பி.பி.யின் மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவந்தவர்களையும் 140க்குக் கீழே வைத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். டிமென்ஷியாவுக்கு முந்தைய லேசான மறதி நிலை, முதல் பிரிவில் 19 சதவீதம் குறைந்தது என்று 2019இல் அறிவித்தார்கள். டிமென்ஷியாவும் குறைந்தது போலத் தெரிந்தாலும், உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பிறகு 2025இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வுதான் என்னை அசத்தியது. 326 கிராமங்கள், ஏறத்தாழ 34,000 பேர். பெரிய ஆஸ்பத்திரியோ சிறப்பு மருத்துவரோ இல்லை. பயிற்சி பெற்ற கிராம சுகாதாரப் பணியாளர்களே மேல்நிலை மருத்துவர்களின் மேற்பார்வையில் மாத்திரையைக் கூட்டிக் குறைத்து, 130/80க்குக் கீழே கொண்டுவந்தார்கள். நான்கு வருஷத்தில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைவு. நம் ஊரில் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார்களே, அந்த வேலையின் இன்னொரு பலன் இது. அவர்கள் வரும்போது "அப்புறம் வாங்கம்மா" என்று அனுப்பிவிடாதீர்கள்.

இதற்காகச் சங்கம் செய்தது சின்ன வேலைதான். மேஜையை மூலையிலிருந்து வாசலுக்குக் கொண்டுவந்தோம், பி.பி. பார்க்காமல் யாரும் சுடோகுத் தாள் வாங்க முடியாது. ஆளுக்கொரு நோட்டு. ஓய்வுபெற்ற செவிலியரான நம் உறுப்பினர் அம்மாவின் சட்டம் கடுமை: ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார வேண்டும், கால் இரண்டும் தரையில், கை மேஜை மேல், சட்டைக் கைக்கு மேல் பட்டை கட்டக் கூடாது, பேச்சு அறவே கூடாது. கடைசி விதியால் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்கள். உட்கார்ந்து பார்த்தபின் நிற்க வைத்தும் பார்க்கிறார், ஏனென்றால் நம் வயதில் எழுந்ததும் பி.பி. இறங்கி விழுவது உண்டு. பி.பி. அளவை இன்னும் குறைக்கிறேன் என்று யாரும் தாமாக மாத்திரையைக் கூட்ட வேண்டாம். ஸ்பிரின்ட்டில் சர்க்கரை நோயாளிகளையும் ஏற்கெனவே ஸ்ட்ரோக் வந்தவர்களையும் சேர்க்கவில்லை. அதன் இலக்கு எல்லோருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. மூன்று மாதம் எண் நன்றாக இருக்கும், நான்காவது மாதம் எகிறும். விசாரித்தால் ஒரே பதில்: "நார்மல் ஆயிடுச்சேன்னு நிறுத்திட்டேன்." டெல்மாவோ அம்லோடிபினோ, ஏதோ ஒரு பி.பி. மாத்திரை போட்டதால்தான் நார்மல் என்று எத்தனை தடவை சொன்னாலும், சுண்டல் சாப்பிட்டு முடிப்பதற்குள் மறந்துவிடுகிறது.

ஒரு அம்மாவுக்குக் கருவியில் இதயக்குறி மின்னிக்கொண்டே இருந்தது. கருவி பழுது என்று நாங்கள் பேட்டரி மாற்றப் போக, செவிலியர் அம்மா மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு அன்றே இ.சி.ஜி.க்கு அனுப்பினார். நாடி தாறுமாறாக அடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகும் ஆபத்து உள்ள கோளாறு. ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், இதைக் கண்டுபிடித்தது இந்த ஆண்டின் பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன். அவர் இப்போது ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறார்.

உப்பு விஷயத்தில் தோல்விதான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். நம் வீதிகளில் அப்பளமும் வடாமும் மோர்மிளகாயும் அதற்குள் அடங்குமா? கூட்டத்துக்கு வடாம் கொண்டுவரும் மாமியிடம் பேசிப் பார்த்தேன். "உப்பில்லாம வடாம் போடறதுக்கு அரிசியை வீணாக்காம இருக்கலாம்" என்றார். பேச்சுவார்த்தை தொடர்கிறது.

ஞாபகசக்தி டானிக் விற்பனைக்கு ஸ்டால் கேட்டு வந்த விண்ணப்பத்தைச் செயற்குழு நிராகரித்தது. ரத்தக்குழாய் மறதியைக் குணமாக்கும் மருந்து இன்றைக்கு எந்தப் பாட்டிலிலும் இல்லை. காலை நடைக்குழு உத்திர வீதியில் தொடர்கிறது, மார்கழியிலும் நிற்கவில்லை.

இனி இரண்டு தீர்மானங்கள். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, டிமென்ஷியாவுக்கான மாற்றக்கூடிய 14 காரணங்களில் பி.பி., சுகர், கெட்ட கொழுப்பு, புகை, உடற்பருமன், நடையின்மை எல்லாம் வருகின்றன. இவற்றில் பல, நடுவயதிலேயே வேலையைத் தொடங்கிவிடுபவை. நமக்கு எழுபதில் பார்ப்பதை நம் பிள்ளைகளுக்கு நாற்பதில் பார்க்க வேண்டும். ஆகவே முதல் தீர்மானம்: கூட்டத்துக்கு நம்மை ஸ்கூட்டரில் இறக்கிவிட வரும் மகன், மகள், மருமகள், மாப்பிள்ளை எல்லோருக்கும் வரும் ஆண்டு முதல் வாசல் மேஜையில் பி.பி. பார்ப்பது. சந்தா வேண்டாம், கையை நீட்டினால் போதும். இரண்டாவது: இன்னொரு பி.பி. கருவியும், பருத்த கைக்கும் ஒல்லிக் கைக்கும் பொருந்தும் பட்டைகளும் வாங்கப் பொருளாளருக்கு அனுமதி.

ஆண்டு முழுக்க நோட்டைத் தூக்கிச் சுமந்த செவிலியர் அம்மாவுக்கும், கூடத்தை வாடகையில்லாமல் தந்தவர்களுக்கும் நன்றி. இந்த அறிக்கையையும் இரு தீர்மானங்களையும் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்று மேஜை சாப்பாட்டுக்கு முன்பு. இப்போதுதான் காபி குடித்தவர்கள் அரை மணி கழித்து வரவும்.