கழுத்தைக் குனியவைத்து எடுத்த ஸ்கேன்

மதுரை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. நம் நரம்பியல் டாக்டர்கள் சங்கத்தின் ஆண்டறிக்கையை முடித்த பிறகு நிதானமாக எழுதலாம் என்று இருந்தேன். வீட்டில் எல்லாரும் நலம். பெரியவள் ரேடியாலஜி முதல் வருஷம். நைட் டூட்டி முடிந்து வந்தால் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே தூங்கி விழுகிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. நீ விசாரித்ததைச் சொன்னேன், "அவன் எப்ப வர்றானாம்?" என்று மட்டும் கேட்டார்கள்.

சங்கம் இப்போதெல்லாம் என்ன செய்கிறது என்று கேட்டிருந்தாய். அறிக்கையில் இருப்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். மாதக் கூட்டங்கள், பி.ஜி. வினாடி வினா, ஜூலை 22 உலக மூளை தினம், அக்டோபர் 29 பக்கவாத தினத்துக்கு ஒரு நடைப்பயணம், நவம்பர் 17 வலிப்பு நோய் தினத்துக்குப் பள்ளிகளில் பேச்சு. படங்களோடு நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் எனக்கு நிறைவு தந்தவை அதில் ஒரே வரியில் முடிந்துபோனவை. அதைத்தான் உனக்கு எழுத நினைத்தேன்.

ஒரு மாதக் கூட்டத்தில் நரம்பியல் மேற்படிப்பான டி.எம். இரண்டாம் வருஷ மாணவி ஒருத்தி ஒரு பையனின் கேஸைச் சொன்னாள். இருபது வயதுகூட இருக்காது, பட்டறை வேலை. ஒரு வருஷத்துக்கும் மேலாக வலது கை விரல்களும் முன்கையும் மெலிந்துகொண்டே வந்திருக்கின்றன. வலி இல்லை, உணர்ச்சிக் குறைவு இல்லை. வேறோர் ஊரில் இதை மோட்டார் நியூரான் நோய், அதாவது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழியும் நோய், என்று சொல்லி, இன்னும் சில வருஷம்தான் என்கிற மாதிரி பேசியும் அனுப்பிவிட்டார்கள். அந்தக் குடும்பம் இருந்த நிலையை நீயே நினைத்துப்பார். கழுத்து எம்.ஆர்.ஐ.யைத் திரையில் போட்டாள். பெரிதாக ஒன்றும் இல்லை. அரங்கில் பாதிப் பேர் மோட்டார் நியூரான் பக்கம்தான் தலையாட்டினார்கள்.

நம்ம சார் முன்வரிசையில் இருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார், கைத்தடி வந்துவிட்டது, ஆனாலும் மாதக் கூட்டத்தைத் தவறவிடுவதில்லை. எழுந்து போய்ப் பையனின் முன்கையைப் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரல் பக்கமாக மேலே ஏறும் தசையைத் தடவி, "சுத்தி எல்லாம் வத்திப்போச்சு, இது மட்டும் எப்படித் தப்பிச்சது?" என்று அரங்கைப் பார்த்துக் கேட்டார். அப்புறம் பையனிடம், "காலையில பச்சத் தண்ணியில கை வச்சா விரல் சொன்ன பேச்சு கேக்குதா?" என்றார். பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இல்ல சார், குளிர்ல ஸ்பேனரே பிடிக்க வராது. இத யாருமே கேக்கல."

கழுத்தைக் குனியவைத்து மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். எடுத்தோம். நேராகப் படுத்திருந்தபோது ஒழுங்காகத் தெரிந்த தண்டுவடம், குனிந்ததும் பின்னாலிருந்து நகர்ந்து வந்த உறையால் முன்பக்க எலும்போடு அழுந்திக் கிடந்தது. சார் கேட்ட இரண்டும் சுட்டியது இதைத்தான், ஹிராயாமா நோய். ஜப்பானில் டாக்டர் ஹிராயாமா 1959-இல் எழுதியது. நம் நாட்டில் நரம்பியல் டாக்டர் கௌரி தேவி அம்மையார் 1984-இல், ஒரே கையோ காலோ மெலியும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். சில வருஷம் கூடிவிட்டுத் தானாக நின்றுவிடும் நோய் இது. கழுத்தைக் குனியவிடாமல் பட்டை போட்டால் இன்னும் சீக்கிரம் நிற்க வாய்ப்பு உண்டு. உயிருக்கு ஆபத்து இல்லை. அதைச் சொன்னபோது பையனின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பட்டை போட்டபிறகு இதுவரை மெலிவு கூடவில்லை. இழந்த தசை திரும்பாது என்பதையும் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறோம்.

கேள்வி கேட்காமல் எடுத்த ஸ்கேனில் அந்த நோய் இல்லை. இதைவிடப் பெரிய பாடம் எந்த மாநாட்டு மேடையிலும் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்காது. அன்று சார் இன்னொன்றும் சொன்னார். இளவயதில் கைகால் மெலிந்து, முகமும் நாக்கும் பலவீனப்பட்டு, காதும் கேளாமல் போகும் நோயாளிகளை மெட்ராஸ் வார்டுகளில் பார்த்துப் பார்த்து மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் 1970-இல் எழுதிய கதை. இன்றைக்கும் உலகம் அதை மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய் என்றுதான் சொல்கிறது. ஜேக்கப் சாண்டி, ராமமூர்த்தி, நரசிம்மன், பல்தேவ் சிங் என்ற நால்வர் 1951-இல் மெட்ராஸில் இந்திய நரம்பியல் கழகத்தைத் தொடங்கியபோது இந்த நாட்டில் நரம்பியல் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஸ்கேன் இல்லாத காலம். தங்கள் வார்டில் கண்டதை உட்கார்ந்து பேசவும் எழுதிவைக்கவும் ஓர் இடம் வேண்டும் என்றுதான் கூடினார்கள். சங்கம் என்றால் எனக்கு இன்றும் அதுதான்.

அடுத்து வலிப்புப் பயிற்சி. இந்த வருஷம் கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களை நகரத்துக்கு அழைக்காமல் நாங்களே போனோம். பாடம் நடத்தவில்லை, ஊர்க்காரர்கள் செல்போனில் எடுத்த வீடியோக்களைப் போட்டு, இது வலிப்பா இல்லையா என்று அவர்களையே சொல்லவைத்தோம். கண் திறந்திருக்கிறதா, இறுக மூடியிருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொண்டாலே பாதித் தெளிவு வந்துவிடுகிறது. ஓரிடத்தில் ஒரு தாய் மஞ்சப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். மகளுக்கு மூன்று விதமான மாத்திரை, மூன்றும் போதாத அளவில். ஃபிட்ஸ் நிற்கவில்லை. ஒரே மருந்தைச் சரியான அளவில் முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதை அந்தப் பையை வைத்தே அங்கிருந்த டாக்டர்களுக்குப் புரியவைத்தோம். அதில் ஒன்று வால்ப்ரோயேட். கல்யாண வயதுப் பெண்ணுக்கு, கருவில் வரும் குழந்தைக்கு அது என்ன செய்யும் என்று அந்தத் தாயிடம் யாரும் சொன்னதில்லை.

கல்யாணப் பேச்சு வந்தால் இன்னும் மறைக்கத்தான் செய்கிறார்கள். மாமியார் வீட்டில் மாத்திரையை ஒளித்துவைத்து, பிறகு பயந்து நிறுத்தி, வலிப்போடு கேஷுவாலிட்டிக்கு வரும் பெண்களை நீயும் பார்த்திருக்கிறாய். 1999 வரைக்கும் இந்துத் திருமணச் சட்டத்திலேயே வலிப்பு ஒரு தடையாக இருந்தது. சட்டத்தில் எடுத்துவிட்டார்கள், வீடுகளில் எடுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 திட்டப்படி 2031-க்குள் வலிப்பு நோயாளிகளில் 90 சதவீதம் பேருக்குத் தங்கள் நோய் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும், 80 சதவீதம் பேருக்கு மருந்து எட்ட வேண்டும், சிகிச்சை பெறுபவர்களில் 70 சதவீதம் பேருக்கு வலிப்பு கட்டுப்பட வேண்டும். மலிவான மருந்தால் கட்டுப்படும் நோய்க்கு இது பேராசை இல்லை. அதற்கு நம் ஆட்கள் ஊருக்குள் போக வேண்டும்.

பக்கவாதத்தில் சொல்லத்தக்க முன்னேற்றம் உண்டு. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்கிற கணக்கு இப்போது ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குக்கூடத் தெரிகிறது. ஆனால் வீட்டில் "கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாயிடும்" என்று இழக்கும் நேரத்தை எங்களால் குறைக்க முடியவில்லை. நடைப்பயணம் போனவர்களில் பாதிப் பேர் டாக்டர்கள்தானே!

ஆண்டு மாநாட்டை இந்த முறை ஹோட்டலில் வைக்காமல் கல்லூரி அரங்கிலேயே வைத்தோம். முணுமுணுப்பு இருந்தது. 2024-இல் மருந்து நிறுவனங்களுக்கான விற்பனை நெறிமுறைகள் வந்தபிறகு பலருக்கும் ஸ்பான்சர் பணத்தில் தயக்கம் வந்திருக்கிறது. எனக்கு அதில் சந்தோஷமே. எளிமையான சாப்பாடு, குறைந்த கட்டணம், அதனால் மாணவர்கள் நிறைய வந்தார்கள். அதில் ஒரு பையனின் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளின் ஞாபகத்தைச் சோதிக்க நாம் தேதி கேட்கிறோம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்கிறோம். அவன் அடுத்த அமாவாசை எப்போது, இருநூறு ரூபாய்க்குப் பூ வாங்கினால் கொடுத்த நோட்டில் மீதி எவ்வளவு என்று கேட்டுப் பார்க்கிறான். ஹரியானாவின் பல்லப்கரில் இந்தி பேசும் கிராமத்தாருக்காக இப்படி ஒரு சோதனை 1990-களிலேயே செய்தார்கள். நம் பக்கத்துக்கு ஏற்ற மாதிரி இவன் செய்வதைச் சங்கம் கைவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல தீசிஸ்கள் நூலகத்தில் தூசி படிந்து கிடப்பது போதும்.

சரி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இங்கே மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி.யைப் படிப்பதில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். இயல்பான அலையைக்கூட வலிப்பு என்று எழுதிவிடுகிறார்கள், அந்த ஒரு காகிதத்தை நம்பி ஒருவர் வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறார். நீ அங்கே தினமும் செய்கிற வேலை அது. மாதம் ஒரு சனிக்கிழமை, எங்களுக்கு ராத்திரி எட்டரை, உனக்குச் சாயங்காலம். ஒரு மணி நேரம் ஆன்லைனில் உட்கார்ந்து, வெறும் நார்மல் இ.இ.ஜி.க்களையே காட்டிச் சொல்லிக்கொடு. எந்தெந்தச் சனிக்கிழமை என்று இந்த மாதக் கடைசிக்குள் எழுதிவிடு, ஜனவரி அட்டவணையில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்