தலைமைப் பண்பு பற்றிய மடல் கிடைத்தது. சோர்வு அறிக்கைக்குப் பதில் எப்போது வரும்?

இந்திய விமான நிறுவனங்களின் தலைமைச் செயல் அதிகாரிகளுக்கும், ஃப்ளைட் ஆபரேஷன்ஸ் தலைவர்களுக்கும், மனிதவளத் துறையினருக்கும்,

வணக்கம்.

சில மாதங்களுக்கு ஒருமுறை எங்கள் ஐபேடில் உங்கள் மடல் ஒன்று வந்து விழுகிறது. விமானிகள் தொழில் ஒழுக்கத்தோடு நடந்துகொள்ள வேண்டும், கமாண்டர்கள், அதாவது கேப்டன்கள், முன்னின்று வழிநடத்த வேண்டும், நிறுவனத்தின் முகமே நீங்கள்தான் என்று அதில் இருக்கும். ஓரிரு நிமிடத்தில் விமானிகளின் வாட்ஸ்அப் குழுவில் அது வந்துவிடும். யாரும் திட்ட மாட்டார்கள். ஒருவர் மட்டும் தன் அடுத்த வார ரோஸ்டரை, அதாவது டியூட்டி அட்டவணையை, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த மடலுக்குக் கீழே போடுவார். ஒரு வார்த்தை எழுத மாட்டார். அடுத்தடுத்து இன்னும் நாலைந்து ரோஸ்டர்கள் வரும். உங்கள் மடலுக்கு விமானிகள் தரும் பதில் இதுதான். இது உங்கள் கைக்கு வந்து சேர்வதில்லை என்பதால்தான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

எந்த நிறுவனத்தில் பறக்கிறேன் என்று சொல்லப்போவதில்லை. மற்ற நிறுவன நண்பர்கள் காட்டும் மடல்களில் லோகோவை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது.

எங்கள் தொழில் ஒழுக்கத்தை அளக்க ஏற்கெனவே என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். டியூட்டிக்கு வந்ததும் கேமரா முன் நின்று மது சோதனைக் குழாயில் ஊதுகிறோம். அளவு சுழியாக இருக்க வேண்டும். முதல் தடவை மாட்டினால் லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கம், இரண்டாம் தடவை மூன்று ஆண்டு, மூன்றாம் தடவை ரத்து. காக்பிட்டில் பேசுவது பதிவாகிறது. ஒவ்வொரு லேண்டிங்கும் எத்தனை ‘ஜி’ அதிர்வில் தரை தொட்டது, ஓடுபாதையில் எங்கே தொட்டது என்று தரவு எடுக்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் என்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார். மெடிக்கலில் தேறாவிட்டால் அன்றோடு பறக்க முடியாது. இதில் எதற்கும் எனக்கு ஆட்சேபணை கிடையாது. இதெல்லாம் இருக்க வேண்டியதுதான். இவ்வளவையும் தாண்டி வருகிறவர்களுக்கு ஒழுக்கம் பற்றி மடல் எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

அந்தக் குழாய் காட்டாத ஒன்று இருக்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. அதிகாலை மூன்று மணிக்கு சைன்-ஆன் செய்து டியூட்டி தொடங்கும் விமானி முந்தைய மதியம் ஒன்பதாவது மாடி வெயிலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருப்பார். தூக்கம் வந்ததா இல்லையா என்று எந்தக் கருவியும் கேட்பதில்லை. குழாயில் ஊதுவார், சுழி காட்டும், பறப்பார்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2010 மே 22 காலை துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள். காக்பிட் ஒலிப்பதிவின் முதல் ஒரு மணி 40 நிமிடம் கேப்டன் பேசவே இல்லை, மெல்லிய குறட்டைதான் கேட்டது. விமானம் உயரமாகவும் வேகமாகவும் வந்துகொண்டிருந்தபோது ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி) மூன்று முறை கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே, போகச் சொன்னார். தூங்கி எழுந்த மந்தம் நீங்காத கேப்டன் கேட்கவில்லை. விசாரணை நீதிமன்றம் இரண்டையும் பதிவு செய்தது. சோர்வு ஒன்று, சொன்னதைக் கேட்காத தலைமை இன்னொன்று.

தலைமை என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது விபத்துகள்தான். 1977இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றை ஓட்டிய கேஎல்எம் கேப்டன் அந்த டச்சு நிறுவனத்தின் பயிற்சித் தலைவர், அவர்களுடைய விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர். நிறுவனத்தின் முகம் என்றால் அவர்தான். டியூட்டி நேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது, பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து வேகமெடுத்தார். அதற்குப் பிறகுதான் சிஆர்எம் என்கிற, காக்பிட்டில் எல்லோரும் பேசவும் கேப்டன் கேட்கவும் பழக்கும் பயிற்சி பிறந்தது. 1989இல் விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் முழுவதும் போன யுனைடெட் 232 விமானத்தை அமெரிக்காவின் சியூக்ஸ் சிட்டியில் இறக்கியபோது கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் பயணியாக வந்த பயிற்சி கேப்டனையும் உள்ளே அழைத்து என்ஜின் த்ராட்டிலைக் கையில் கொடுத்தார். 184 பேர் பிழைத்தார்கள். காக்பிட்டில் இருந்த எல்லோருடைய அறிவையும் பயன்படுத்தியதால்தான் அது முடிந்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால்தான் இன்று ஒவ்வொரு பிரீஃபிங்கிலும் கேப்டன் தன் ஃபர்ஸ்ட் ஆபீசரிடம், “நான் எதையாவது தவறவிட்டா உடனே சொல்லுங்க. கோ-அரவுண்டுன்னு சொன்னா நான் விவாதம் பண்ணாம போயிடுவேன், அப்புறம் கீழே வந்து பேசிக்கலாம்” என்கிறார். நேற்று லைன் செக் தேர்வு முடித்த 23 வயதுப் பெண்ணிடமும் இதையே சொல்ல வேண்டும். சொல்கிறோம். உங்கள் மடல்களில் இதற்கு ஈடாக ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

ஒரு ஜனவரி இரவு. டெல்லி பனிமூட்டத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு வரிசையில் காத்திருந்தோம். மணி ஓடியது, டியூட்டி வரம்பு முடியப்போகிறது. விமானிகளுக்கு டியூட்டி ஒதுக்கும் க்ரூ கன்ட்ரோலிலிருந்து போன். “எக்ஸ்டென்ஷன் எடுப்பீங்கதானே கேப்டன்? கடைசி செக்டார்தானே, சென்னை வரைக்கும்தானே.” எதிர்பாராத நிலைமையில் டியூட்டியை நீட்டிக்கலாமா என்று தீர்மானிக்கும் உரிமையை விதி கமாண்டருக்குத் தருகிறது. குழுவைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்தில் இருந்த ஃபர்ஸ்ட் ஆபீசரிடம் திரும்பி, “எப்படிப்பா இருக்கே?” என்றேன். “ஓகே சார்” என்றான். வேறு என்ன சொல்வான்? கேப்டனாகப் பதவி உயரும் கமாண்ட் அப்கிரேடு பட்டியலில் இருக்கிற பையன். ஆனால் சற்று முன்புதான் விமானப் போக்குவரத்துக் கன்ட்ரோலர் தந்த, ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் நாலு இலக்க டிரான்ஸ்பாண்டர் எண்ணை இரண்டு தடவை மாற்றி வாசித்திருந்தான். மூன்றாவது தடவை காகிதத்தில் விரலை வைத்து, பள்ளிப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னான். நான் எக்ஸ்டென்ஷன் எடுக்கவில்லை. பயணிகள் கோபப்பட்டார்கள், அது நியாயமான கோபம்.

மறு வாரம் விளக்கம் கேட்டு மடல் வந்தது. பயணிகளின் சிரமத்தையும் நிறுவனத்தின் நற்பெயரையும் கருத்தில் கொண்டு தலைமைப் பொறுப்போடு முடிவெடுத்தீர்களா என்று கேட்டிருந்தார்கள். எக்ஸ்டென்ஷன் எடுத்து சென்னை வந்திருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். விதி எனக்குத் தந்த உரிமையை ஒரு திசையில் பயன்படுத்தினால் தலைமை, மறு திசையில் பயன்படுத்தினால் விளக்கக் கடிதம். இதைக் கூட இருந்து பார்த்த அந்தப் பையன் நாளை கமாண்டராகும்போது என்ன செய்வான் என்று நினைக்கிறீர்கள்?

உங்கள் ஆபீஸ் திரையில் தெரியாத கணக்கு ஒன்றையும் சொல்கிறேன். சோர்வாக இருப்பவர் சோர்வு அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்தால் போன் வரும். வீட்டில் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், லீவு நாளில் என்ன செய்தீர்கள், ஊருக்குப் போனீர்களா? கடைசியில் ‘ஏற்கப்படவில்லை’ என்று முடியும். ஏன் என்று இருக்காது. ஆகவே விமானி அதைக் கொடுக்காமல், “வயிறு சரியில்லை” என்று சிக் லீவு போடுகிறார். உங்கள் பக்கத்தில் சோர்வு அறிக்கை குறைகிறது, சிக் லீவு ஏறுகிறது. ரோஸ்டர் நன்றாக இருக்கிறது, விமானிகள்தான் பொறுப்பில்லாமல் லீவு போடுகிறார்கள் என்று அதைப் படித்துக்கொள்கிறீர்கள். உடனே ஒழுக்கம் பற்றி மடல் வருகிறது. மடலைப் பார்த்தபின் மிச்சமிருந்த ஓரிருவரும் சோர்வு அறிக்கை கொடுப்பதை நிறுத்துகிறார்கள். தெர்மாமீட்டரை உடைத்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்று சொல்லும் வீடு மாதிரி ஆகிவிட்டது இது.

திட்டமிடத் தவறினால் என்ன ஆகும் என்று 2025 டிசம்பரில் நாடே பார்த்தது. புதிய டியூட்டி நேர விதிகளை, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அறிவித்தது 2024 ஜனவரியில். வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது. இரவு என்பது நள்ளிரவு முதல் ஐந்து மணி என்றிருந்தது ஆறு மணியாக நீண்டது. இரவு லேண்டிங் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. 2024 ஜூனிலேயே நடைமுறைக்கு வந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு கட்டமாக வந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவகாசம். அப்படியும் டிசம்பர் முதல் வாரம் இண்டிகோ ஆள் போதாமல் நிலைகுலைந்தது, 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. கல்யாணத்துக்குப் போகிறவர்கள், அஸ்திப் பெட்டியோடு நின்றவர்கள் எல்லோரும் முனையத்துத் தரையில் படுத்திருந்தார்கள். இரவு டியூட்டிக் கட்டுப்பாடுகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை அந்த நிறுவனத்துக்கு விலக்கு தரப்பட்டது. விமானிகள் சங்கங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று வேண்டுகோளும் வந்தது. ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருந்ததே காரணம் என்று இந்திய விமானிகள் கூட்டமைப்பு சொன்னது. திட்டமிடத் தவறியது யார், ஓய்வை விட்டுக்கொடுத்துத் தியாகம் செய்யக் கேட்கப்பட்டது யார்? டிசம்பருக்குப் பிறகு எங்களுக்கு வரும் ஒவ்வொரு தலைமைப் பண்பு மடலையும் இந்தக் கேள்வியோடுதான் படிக்கிறோம்.

அமெரிக்காவிலும் இதே பேச்சு நடந்தது. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தபின், 2010 மே மாதம் அவர்களுடைய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விமானிகளின் தொழில் ஒழுக்கம் பற்றி மூன்று நாள் கூட்டம் நடத்தியது. அதோடு விடவில்லை. 2014 ஜனவரி முதல் ஓய்வு விதிகளையே மாற்றினார்கள். சரக்கு விமானிகளை மட்டும் விட்டுவிட்டார்கள், அது வேறு கதை.

நோட்டீஸ் பீரியட் பற்றி ஒரு வரி மட்டும். 2017 முதல் கமாண்டர் வேலையை விட ஓராண்டு முன்னறிவிப்பு தர வேண்டும், ஃபர்ஸ்ட் ஆபீசர் ஆறு மாதம். எங்கள் நாளைய டியூட்டி மாறியதைச் சொல்லும் செய்தி மட்டும் இன்று இரவு பத்து மணிக்கு வருகிறது.

எங்கள் பக்கம் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. ஃபர்ஸ்ட் ஆபீசரைக் கேபின் குழுவின் முன்னால் மட்டம் தட்டுகிற கேப்டன்கள் இருக்கிறார்கள். செக்லிஸ்ட்டை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்களும், நீண்ட வார இறுதிக்காகவே சிக் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கண்டியுங்கள், நாங்கள் உங்கள் பக்கம் நிற்போம். நாலாயிரம் பேருக்கு ஒரே மடல் அனுப்பினால் அந்த நாலு பேர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஒழுங்காக வேலை செய்கிறவர்தான் படித்துவிட்டு மனம் நோகிறார்.

என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டால், பெரிதாக எதுவும் இல்லை. சோர்வு அறிக்கை எதையும் ‘ஏற்கப்படவில்லை’ என்று மூடும்போது யார், எந்தக் காரணத்தால் மூடினார் என்று பெயரோடு எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எத்தனை அறிக்கை வந்தது, எத்தனை ஏற்றீர்கள், அதனால் எந்த ரோஸ்டரை மாற்றினீர்கள் என்று எங்களுக்கும் சொல்லுங்கள். புதிய விதிப்படி டிஜிசிஏவுக்கு எப்படியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோர்வு அறிக்கைகள் பற்றித் தெரிவிக்கத்தானே வேண்டும். எக்ஸ்டென்ஷன் எடுக்காத கமாண்டருக்கு விளக்கக் கடிதம் அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள். ரோஸ்டர் போடுகிறவர்களையும், அந்த மடல்களை எழுதுகிறவர்களையும், முறைப்படி அனுமதி வாங்கி ஒரு வாரம் எங்களோடு அதிகாலை டியூட்டிக்கு அனுப்புங்கள். இரண்டரை மணிக்கு வீட்டு வாசலில் கேப் நிற்கும், நான்கு செக்டார், முடிந்து வந்து பகலில் தூங்கட்டும், மறுநாள் மறுபடி இரண்டரை மணி. அந்த வார முடிவில் அவர்கள் எழுதும் மடலைப் படிக்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.

அடுத்த மாத ரோஸ்டர் வருவதற்கு முன் இவற்றில் முதலாவதை மட்டுமாவது செய்ய முடியுமா, முடியாதா? உங்கள் பெயர் போட்டு ஒரு வரி பதில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
ஏர்பஸ் ஏ320 கேப்டன் ஒருவர்,
சென்னை